டிராக் ரேஸ் சுப்பம்மா

‘டக்’ என்று சத்தம் வரும்வரை சுப்பம்மா அடுத்த வண்டிக்கு நகர மாட்டாள். பெல்ட்டின் நாக்கைப் பூட்டுக்குள் செருகுவாள், குனிந்து காதைக் கொடுப்பாள், சத்தம் கேட்டதும் தோள் பக்கம் ஒரு தடவை, இடுப்புப் பக்கம் ஒரு தடவை இழுத்துப் பார்ப்பாள். உட்கார்ந்திருப்பவர் எவ்வளவு பெரிய ஆளாக இருந்தாலும் அந்த இழுப்பில் ஒருமுறை குலுங்கித்தான் தீர வேண்டும். “இன்னாம்மா, கோணி மூட்டையா கட்டற?” என்று ஒருவர் கேட்டார். “கோணின்னா இந்நேரம் தெச்சிட்டே பூட்டிருப்பேன் நைனா. நீ ஆளாச்சே, அத்தொட்டுதான் பெல்ட்டு” என்றாள்.

திருவான்மியூரைத் தாண்டிக் கிழக்குக் கடற்கரைச் சாலையில் கொஞ்ச தூரம் போனால் வருகிற கேளிக்கைப் பூங்காவில், ராட்டினத்துக்கும் தண்ணீர்ச் சறுக்கலுக்கும் நடுவில் இருக்கிறது அந்த டிராக் ரேஸ். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தண்டவாளங்கள். ஒன்றில் சிவப்பு வண்டி, இன்னொன்றில் மஞ்சள் வண்டி. வண்டிக்கு ஒரே ஆள். எதிரே கம்பத்தில் விளக்குகள். மூன்று மஞ்சள் விளக்குகள் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக எரியும், கடைசியில் பச்சை. பச்சை எரிந்ததும் யார் முதலில் மிதியை அழுத்துகிறாரோ அவருடைய வண்டி முதலில் பாயும். அவசரப்பட்டு முன்னாலேயே மிதித்துவிட்டால் சிவப்பு எரியும், வண்டி ஒரு நொடி நின்றுதான் கிளம்பும். நூற்றிருபது மீட்டர். மூன்று, நான்கு நொடி. அந்தக் கோடியில் காந்தம் வண்டியைச் சட்டென்று பிடித்து நிறுத்திவிடும். என்ஜின் என்று ஒன்றும் கிடையாது. அடியில் ஓடும் இரும்புக் கயிறு இழுக்கிறது. காதைப் பிளக்கும் உறுமல் எல்லாம் ஒலிபெருக்கியிலிருந்து வருகிறது.

‘டிராக்’ என்றால் நேர்கோட்டில் பாய்கிற பந்தயம்; அந்தச் சொல் வருகிறவர்களில் பாதிப் பேருக்குப் பிடிபடுவதில்லை. டிராகன் எந்தப் பக்கம் என்று கேட்டுக்கொண்டு குழந்தைகளோடு வந்து நிற்பார்கள். “டிராகனும் இல்ல, டிராக்டரும் இல்ல. பச்ச எரிஞ்சா மிதி, அவ்ளோதான் ரேஸு” என்பாள் சுப்பம்மா. ஆறு வருடமாக ஒரு நாளைக்கு ஐம்பது தடவையாவது இதைச் சொல்கிறாள். சலித்துப்போனதாகக் குரலில் தெரியாது.

வயது நாற்பத்தெட்டு. ஒல்லியான உடம்பு, நீளமான கைகள். புடவைக்கு மேல் பூங்கா கொடுத்த கறுப்பு வெள்ளைக் கட்டம் போட்ட சட்டை. பந்தயத்தில் ஆட்டுகிற கொடியின் கட்டம் அது என்று எடுத்துச் சொன்னார்கள். அவள் ஒப்புக்கொள்ளவில்லை. “லுங்கியக் கிழிச்சி சட்ட தெச்சிக் குட்த்துட்டானுங்க” என்பதுதான் இன்றுவரை அவள் கட்சி. இடுப்பில் செருகிய முந்தானை ஊக்கில் நாலைந்து ரப்பர் பேண்டுகள் தொங்கும். கூந்தலை விரித்துப்போட்டு வருகிற பெண்களுக்காக. “முடியக் கட்டு கண்ணு. காத்துல வந்து கண்ண மறைச்சிட்சின்னா பச்ச எரியறது தெரியாது” என்று தானே பின்னால் நின்று கட்டிவிடுவாள்.

வேலைக்குச் சேர்ந்த வருடம் ஆயுத பூஜைக்கு இரண்டு வண்டிகளுக்கும் சந்தனம் குங்குமம் வைத்து, சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். வண்டிகள் பாய்ந்தன. பழங்கள் வைத்தது வைத்தபடியே இருந்தன. அந்தச் சக்கரங்கள் வெறும் அலங்காரம், தரையைத் தொடுவதே இல்லை என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. இடுப்பில் கைவைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு ஒவ்வொரு பழமாகத் தன் காலாலேயே நசுக்கிவிட்டு வேலையைப் பார்க்கப் போனாள். “வண்டி மிதிச்சா இன்னா, நான் மிதிச்சா இன்னா? திருஷ்டி கயிஞ்சா சரி.”

அவள் நிற்கிற இடத்திலிருந்து இரண்டு வண்டிகளின் மிதிகளும் நன்றாகத் தெரியும். ஓட்டுகிறவர்களின் முகத்தைவிடக் காலைப் பார்ப்பதில்தான் அவளுக்கு விருப்பம். பிள்ளையோடு போட்டி போட வருகிற அப்பாக்களில் சிலர், பச்சை எரிந்த பிறகும் காலை மிதிக்கு மேலேயே அரை நொடி தூக்கிவைத்திருப்பார்கள். பிள்ளை ஜெயித்துவிட்டுக் கூச்சல் போடும். அப்பா உதட்டைப் பிதுக்குவார். அந்த மாதிரி ஆள் திரும்பி வரும்போது சுப்பம்மா தன் தண்ணீர் பாட்டிலை எடுத்து நீட்டுவாள். எதற்கு என்று அவருக்கும் தெரியாது, வாங்கிக் குடிப்பார். புருஷனை அனுப்பிவிட்டுப் பையைப் பிடித்துக்கொண்டு ஓரமாக நிற்கிற பெண்களை மட்டும் விடமாட்டாள். “நீயும் குந்தும்மா. பைய நான் பாத்துக்கறேன். வூட்டுல யாரு நம்பள மிதிக்க வுட்றாங்க? இங்க மிதி.”

விளக்கை இயக்குகிறவர் ஜவஹர். வடபழனிக்காரர், முப்பது வருடம் சினிமாவில் லைட்மேன். இப்போது கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து இந்த நாலைந்து விளக்கைப் போட்டு அணைக்கிறார். சுப்பம்மா பெல்ட்டைப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் வந்து கட்டைவிரலை உயர்த்தினால் அவர் பொத்தானை அமுக்குவார். அவள் இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்கே வைத்தால் எல்லாவற்றையும் நிறுத்த வேண்டும். ஆறு வருடத்தில் அவள் அப்படிக் கையைக் குறுக்கே வைத்தது ஒரே ஒரு முறை. அந்த ஒரு முறையைச் சொல்லத்தான் இவ்வளவும்.

சுப்பம்மாவுக்கு ஒரே மகள். தீபிகா, இருபத்திரண்டு வயது. பிறவியிலேயே காது கேட்காது. அடையாற்றங்கரைக் குடிசையில் பிறந்தவள். வெள்ளத்துக்குப் பிறகு அந்த வரிசை முழுவதையும் பெரும்பாக்கத்து அடுக்கு மாடிகளுக்கு மாற்றினார்கள். தீபிகா படித்துக்கொண்டிருந்த காது கேளாதோர் பள்ளி மயிலாப்பூரில் இருந்தது. ஒரு வருடம் தினமும் விடியற்காலையில் பஸ் பிடித்துக் கூட்டிக்கொண்டு வந்தாள் சுப்பம்மா. அதற்குப் பிறகு, அக்கம்பக்கத்தார் பைத்தியம் என்று சொல்லியும் கேளாமல், மந்தைவெளியில் ஒரு சந்துக்குள் ஒற்றை அறை பார்த்துக்கொண்டு திரும்பி வந்துவிட்டாள். சனிக்கிழமைகளில் பெற்றோருக்குப் பள்ளியில் கைமொழி கற்றுக்கொடுத்தார்கள். போனாள், கற்றாள். ஆனாலும் அவள் கையில் பள்ளிக்கூடத்துப் பாஷை தங்கவில்லை. அம்மாவும் மகளும் அந்த அறைக்குள் தாங்களாகவே உண்டாக்கிக்கொண்ட சைகைகள்தான் பாதிக்கு மேல். அம்மாவின் வாயில் மட்டுமில்லை, கையிலும் மெட்ராஸ் பாஷைதான் என்று தோழிகளிடம் தீபிகா சொல்லிச் சிரிப்பாள். அந்தச் சைகைகளில் ஒன்று, பத்து விரல்களையும் குவித்து மேல்நோக்கிப் படபடவென்று விரிப்பது. பால் பொங்குகிறது என்று அர்த்தம். சின்ன வயதில் அடுப்பைப் பார்த்துக்கொள்ளும்போது தீபிகா ஓடி வந்து காட்டியது. பிறகு அந்த வீட்டில் ஆபத்து, அவசரம், ஓடி வா எல்லாவற்றுக்கும் அதுவே ஆகிவிட்டது.

தீபிகாவின் அப்பா வடிவேலு, வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவர். பெரும்பாக்கத்தில் இருந்தபோது, சைக்கிளில் வேலைக்குப் போன ஒரு காலையில் தண்ணீர் லாரி மோதி இறந்துபோனார். பின்னால் வந்த லாரி ஆரன் அடித்தது; திரும்பிப் பார்த்தார்; பார்த்த வேகத்தில் சைக்கிள் வளைந்துவிட்டது. பக்கத்தில் நின்றிருந்த டீக்கடைக்காரர் சொன்னது இது. சுப்பம்மா இதைப் பற்றி யாரிடமும் பேசுவதில்லை.

தீபிகா தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் பொட்டலம் கட்டுகிற இடத்தில் வேலை பார்த்தாள். நாள் முழுக்க நிற்க வேண்டும். காது கேட்காது என்று தெரிந்தும் ஆட்கள் அவள் முகத்துக்கு நேரே வந்து கத்துவார்கள். அவள் கூடப் படித்த தபஸ்ஸும் ஒரு வருடமாக ஸ்கூட்டரில் வீடு வீடாகச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை செய்கிறாள். தபஸ்ஸுமுக்கும் காது கேட்காது. வண்டியின் முன்னும் பின்னும் அதைக் காட்டுகிற வட்டமான ஸ்டிக்கர் இருக்கும். அவளுடைய ஸ்கூட்டரிலேயே ஞாயிற்றுக்கிழமைகளில் தீபிகா ஓட்டிப் பழகினாள். காது மருத்துவரிடம் சான்றிதழ் வாங்கினாள். பழகுநர் உரிமமும் வாங்கினாள். ‘எல்.எல்.ஆர்.’ என்று எல்லோரும் சொல்கிற அந்தத் தாளை அம்மாவிடம் நீட்டியபோது அவள் முகம் விளக்குப் போட்ட மாதிரி இருந்தது.

சுப்பம்மா தாளைப் பார்த்தாள். மகளைப் பார்த்தாள். வேண்டாம் என்று கையை ஆட்டினாள்.

அன்றைக்கு அந்த அறையில் நடந்தது பெரிய சண்டை. வெளியே கேட்டிருக்காது. சுப்பம்மா தன் காதைத் தொட்டுக் காட்டினாள், தெருவைக் காட்டினாள், லாரி வருவதைக் காட்டினாள், “பின்னாடி வரவன் ஆரன் அட்ச்சா உனுக்குத் தெரியுமாடி?” என்று வாயாலும் கேட்டாள். தீபிகா சுவரில் மாட்டியிருந்த வடிவேலுவின் படத்தைக் காட்டினாள். பிறகு தன் காதைத் தொட்டு, ஆமாம் என்று தலையை ஆட்டினாள்.

அப்பாவுக்குக் காது கேட்டதே.

மறுநாள் மகள் குளிக்கப் போன நேரத்தில் சுப்பம்மா அந்தத் தாளை எடுத்துத் தன் தகரப் பெட்டியில், கல்யாணப் புடவை மடிப்புக்குள் வைத்துவிட்டாள்.

தீபிகா மூன்று நாள் தேடினாள். பாயைத் தூக்கிப் பார்த்தாள், அரிசி டப்பாவைக் கவிழ்த்துப் பார்த்தாள். சுப்பம்மாவும் கூடவே தேடுவது போல் பாவனை செய்தாள். அதைச் சொல்லும்போது இப்போதும் அவள் குரல் இறங்கிவிடுகிறது. “கூடத் தேடனேன் பாரு, அதாங்க பெரிய பாவம்.” நாலாம் நாள் மகள் பெட்டியைத் திறந்தாள். தாளைக் கண்டாள். எடுத்துக்கொள்ளவில்லை. புடவையை விரித்து, தாள் வெளியே தெரிகிற மாதிரி அதன் மேலேயே வைத்து, பெட்டியைத் திறந்தபடி விட்டுவிட்டு வேலைக்குப் போனாள். எடுத்தவளே கொடுக்கட்டும் என்பது போல.

அன்று சாயங்காலத்திலிருந்து தீபிகா அம்மாவிடம் பேசவில்லை. அவள் பேசாமல் இருப்பது மற்றவர்கள் பேசாமல் இருப்பது போல் இல்லை. கூடவே உட்கார்ந்து சாப்பிடுவாள், தண்ணீர் பிடித்து வைப்பாள், துணியை மடிப்பாள். அம்மா கையைத் தூக்கினால் கண்ணை மூடிக்கொள்வாள். அவ்வளவுதான். கூப்பிட்டுப் பார்க்க முடியாது. எதிரே போய் நின்றாலும் பயனில்லை. அம்மாவின் கை காற்றில் நின்றுவிடும். சுப்பம்மா பத்தொன்பது நாள் அந்த மூடிய கண்களுக்கு முன்னால் கையைத் தூக்கித் தூக்கி இறக்கினாள். தாளையும் கொடுக்கவில்லை. கொடுத்தால் மகள் தெருவில் இறங்கிவிடுவாள் என்ற பயம் ஒரு பக்கம், கண்ணைத் திறக்க மாட்டாளா என்ற ஏக்கம் ஒரு பக்கம். உரிமத் தேர்வுக்கு எட்டு நாள்தான் பாக்கி இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் பூங்காவில் ஊழியர் குடும்ப நாள் வந்தது. வருடத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, வேலை செய்கிறவர்களின் வீட்டு ஆட்களுக்கு அனுமதி இலவசம். சுப்பம்மா இரண்டு அனுமதிச் சீட்டுகளை மகளின் சாப்பாட்டு டப்பாவின் மேல் வைத்தாள். மாலையில் பார்த்தபோது சீட்டுகள் இல்லை. எடுத்துக்கொண்டாளா, வீசிவிட்டாளா என்று தெரியவில்லை. இரண்டு நாள் அதே நினைவு.

தீபிகா வந்தாள். தபஸ்ஸுமும் கூட வந்தாள். ராட்டினம், தண்ணீர்ச் சறுக்கல் எல்லாம் முடித்துவிட்டுப் பதினொன்றரை மணிக்குத் தீபிகா டிராக் ரேஸ் வரிசையில் வந்து நின்றாள். அம்மா நிற்கிற பக்கம் திரும்பவில்லை. விளக்குக் கம்பத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அன்று காலையிலிருந்து சிவப்பு வண்டியை விடாமல் பிடித்துவைத்திருந்தவன், காசு கொடுத்துச் சீட்டு வாங்கி வந்திருந்த சுரேஷ்குமார் என்ற இளைஞன். தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருக்கிற குடும்பம். கூட வந்த நண்பர்கள் அவனை “டேய் பாத்திரக்கடை” என்றே கூப்பிட்டார்கள். வந்தவர்களை எல்லாம் ஜெயித்துவிட்டுக் காலரைத் தூக்கி விட்டுக்கொண்டு நின்றான். மஞ்சள் வண்டியில் தீபிகா ஏறினாள். சுப்பம்மா குனிந்து மகளுக்குப் பெல்ட் போட்டாள். தோளில் இழுத்தாள், இடுப்பில் இழுத்தாள். மகள் கண்ணை மூடிக்கொண்டிருந்தாள்.

விளக்குகள் இறங்கின. பச்சை எரிந்ததும் மஞ்சள் வண்டி பாய்ந்தது. சிவப்பு வண்டி அதற்குப் பிறகுதான் கிளம்பியது. முடிவில் மஞ்சள் தடத்தின் மேல், ஜெயித்ததைக் காட்டும் விளக்கு எரிந்தது. சுரேஷ்குமார் இறங்கி வந்து, “சவுண்டுல கன்பியூஸ் ஆயிட்டேன் மச்சி, இன்னொரு வாட்டி” என்றான். இரண்டாம் தடவை பச்சைக்கு முன்னாலேயே மிதித்துச் சிவப்பை வாங்கிக்கொண்டான். நண்பர்கள் தரையில் உட்கார்ந்து சிரித்தார்கள். ஜவஹர் கண்ணாடி அறையிலிருந்து தலையை நீட்டி, “சுப்பம்மா, உம் பொண்ணுக்கு அந்த உறுமல் கிறுமல் ஒண்ணும் கெடயாது. வெளக்க மட்டும் பாக்குது. அத்த இன்னைக்கு எவனும் ஜெயிக்க முடியாது” என்றார்.

சுப்பம்மாவுக்குப் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் மனசு மாறவில்லை. “இது தண்டவாளத்துல போற வண்டிண்ணா. குறுக்க நாயி வராது, பின்னாடி லாரி வராது. ரோடு இப்டியா கீது?” என்றாள். அதில் தப்பு ஒன்றும் இல்லை.

மூன்றாம் தடவை. வரிசையில் ஆள் இல்லாததால் ஜவஹர் விட்டுவிட்டார். குடும்ப நாள் என்று ஒலிபெருக்கியின் சத்தத்தையும் கூட்டிவைத்தார். தரை அதிர்ந்தது. சுப்பம்மா மகளின் பெல்ட்டைச் செருகிவிட்டு நிமிர்ந்தபோது தீபிகா கண்ணைத் திறந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். சிரிக்கவில்லை. சும்மா பார்த்தாள். பத்தொன்பது நாளுக்குப் பிறகு அந்தக் கண்கள்.

“அப்புறம் நான் எங்க இருந்தேன்னே தெரிலங்க” என்கிறாள் சுப்பம்மா. சிவப்பு வண்டிப் பக்கம் போனது ஞாபகம் இருக்கிறது. பெல்ட்டைச் செருகியது ஞாபகம் இருக்கிறது. உறுமலுக்கு நடுவில் ‘டக்’ என்று ஏதோ கேட்ட மாதிரியும் இருந்தது. இழுத்துப் பார்க்கவில்லை. இரண்டடி பின்னால் வந்தாள். கட்டைவிரலை உயர்த்தினாள். ஜவஹர் பொத்தானை அமுக்கினார்.

முதல் மஞ்சள் எரிந்தது.

தீபிகா விளக்கைப் பார்க்கவில்லை. பக்கத்து வண்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஸ்டீயரிங்கிலிருந்து இரண்டு கைகளையும் எடுத்தாள். பத்து விரல்களையும் குவித்து, அம்மாவை நோக்கி, மேலே படபடவென்று விரித்தாள். பால் பொங்குகிறது. பால் பொங்குகிறது.

இரண்டாவது மஞ்சள் எரிந்தது.

என்ன, ஏன், எங்கே என்று சுப்பம்மா யோசிக்கவில்லை. சிவப்பு வண்டியைத் திரும்பியும் பார்க்கவில்லை. மகள் சொன்னாள், கை தானாக மேலே போய்விட்டது. தலைக்கு மேல் இரண்டு கைகளையும் குறுக்கே வைத்து, தொண்டை கிழிய, “நிறுத்துண்ணா!” என்று கத்தினாள். விளக்குகள் அணைந்தன. உறுமல் அறுந்தது. பூங்காவில் வேறு எங்கோ குழந்தைகள் கத்துவது அப்போதுதான் கேட்டது.

சுரேஷ்குமாரின் கால் மிதியின் மேலேயே இருந்தது. “இன்னாங்க ஆன்ட்டி?” என்றான். சுப்பம்மா அவனருகே போனாள். பெல்ட்டின் பூட்டில் விரல் அகலத்துக்குச் சிவப்புக் கோடு தெரிந்தது. நாக்கு முழுதாக உள்ளே போயிருந்தால் அந்தக் கோடு மறைந்துவிடும். இவள் ஆறு வருடமாகச் சத்தத்தை நம்பியவள், அந்தக் கோட்டைக் கவனித்ததே இல்லை. சும்மா தொட்டாள். பெல்ட் கையோடு வந்துவிட்டது. கோடியில் காந்தம் வண்டியைப் பிடித்து நிறுத்தும்போது என்ன ஆகியிருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அவனுக்கும் தெரிந்துவிட்டது. முகம் வெளுத்து இறங்கி வந்தவன் தீபிகாவிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அவளுக்குக் கேட்காது என்று நண்பன் காதில் சொன்னதும், நெற்றிக்குக் கையைக் கொண்டுபோய் ஒரு வணக்கம் வைத்தான்.

சுப்பம்மா மஞ்சள் வண்டியின் ஓரத்தில் மண்டியிட்டு உட்கார்ந்துவிட்டாள். கையால் பேசினாள்.

நான் பாக்கல.

நான் பார்த்தேன் என்றாள் தீபிகா. அவ்வளவுதான் சொன்னாள். கண்ணை மூடவில்லை.

பாதுகாப்பைப் பார்த்துக்கொள்கிற அதிகாரி வைதேகி அரை மணி நேரத்தில் வந்துவிட்டாள். சின்ன வயதுக்காரி, எதையும் விடாமல் கேட்பவள். ஒலிபெருக்கியின் சத்தத்தைக் கூட்டியது தான்தான் என்று ஜவஹர் முந்திக்கொண்டு பழியைத் தூக்கித் தன் தலையில் போட்டுக்கொள்ளப் பார்த்தார். “பூட்டுல கோளாறா, ஆளால ஆனதா?” என்று வைதேகி கேட்டாள்.

“பூட்டு நல்லாத்தான் கீது மேடம். ஆளுதான். நான்தான் இஸ்துப் பாக்கல. அப்டியே எய்திக்கோ” என்றாள் சுப்பம்மா.

“எப்படிக் கண்டுபிடிச்சீங்க?”

“நான் கண்டுபுடிக்கல மேடம். அதோ நிக்குது பாரு, அதுதான் கண்டுபுட்ச்சிது. அதுக்குக் காது கேக்காது. எல்லாத்தயும் பாக்குது.” சொல்லிவிட்டு, தான் சொன்னதைத் தானே கேட்டவள் போல ஒரு கணம் நின்றாள்.

ஒரு வாரம் அவளை வண்டிப் பக்கம் விடவில்லை, வாசலில் சீட்டுப் பார்க்கிற வேலை கொடுத்தார்கள். மறுபடியும் பயிற்சி கொடுத்த பிறகே திரும்ப விட்டார்கள். அதைப் பற்றி அவளுக்கு ஒரு குறையும் இல்லை. ஒலிபெருக்கியின் சத்தம் இப்போது பாதிதான். பெல்ட்டைச் செருகியதும் ‘டக்’குக்குக் காது கொடுக்கிறாள், இழுத்துப் பார்க்கிறாள், அதற்குமேல் குனிந்து சிவப்புக் கோடு மறைந்துவிட்டதா என்று பூட்டையும் பார்க்கிறாள். வேலை கொஞ்சம் மெதுவாகிவிட்டது. வரிசையில் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். “இரு நைனா, எங்க ஓடிடப் போவுது ரேஸு” என்பாள்.

குடும்ப நாள் அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் கால்கூடக் கழுவாமல் தகரப் பெட்டியைத் திறந்தாள். தாளை எடுத்து இரண்டு கையாலும் மகளிடம் கொடுத்தாள். மன்னிப்புக் கேட்கப் பள்ளியில் கற்றுக்கொடுத்த சைகை ஒன்று உண்டு. அது நினைவுக்கு வரவில்லை. தன் கன்னத்தில் தானே லேசாக இரண்டு தடவை போட்டுக்கொண்டாள். தீபிகா அந்தக் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

பிறகு வடிவேலுவின் படத்தைக் காட்டி சுப்பம்மா ஒன்று சொன்னாள். இத்தனை வருடமாக மகளிடம் சொல்லாதது. சத்தம் கேட்டது, அவர் திரும்பினார், அதனால்தான் விழுந்தார். நீ திரும்பாதே. கண்ணாடியில் பார். அது போதும். தீபிகா வெகு நேரம் அப்பாவின் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அன்று இரவு சோறு ஆறிப்போனது. சூடு பண்ணவும் யாருக்கும் தோன்றவில்லை.

தேர்வு நாளில் சுப்பம்மாவும் விடுப்புப் போட்டுவிட்டுக் கூடப் போனாள். தரையில் வெள்ளைக் கோட்டில் பெரிய எட்டு வரைந்திருந்தார்கள். காலைக் கீழே ஊன்றாமல் அதைச் சுற்றி வர வேண்டும். முந்தின இரண்டு பையன்கள் வளைவில் காலை ஊன்றிவிட்டார்கள். தீபிகாவின் பெயரை அதிகாரி கூப்பிட்டபோது, “சார், அதுக்குக் கேக்காது சார்” என்று சுப்பம்மா கம்பிக்கு வெளியிலிருந்து கத்தினாள். அவர் ஏற்கெனவே தாளைப் பார்த்துக் கையசைத்துவிட்டிருந்தார். தீபிகா தபஸ்ஸுமின் ஸ்கூட்டரை எடுத்தாள். ஒரு வளைவு. இன்னொரு வளைவு. கால் இரண்டும் மேலேயே இருந்தன. சுப்பம்மா முழு நேரமும் அந்தக் கால்களைத்தான் பார்த்தாள். வண்டி நின்றதும் அதிகாரி தேர்ச்சி என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்குத் திரும்பும்போது, ஸ்கூட்டரைக் கொண்டுவந்திருந்த தபஸ்ஸும் ஆட்டோவில் போய்விட்டாள். சாவியை தீபிகாவின் கையில் திணித்து, அம்மாவைக் கூட்டிக்கொண்டு போ என்று சொல்லிவிட்டுப் போனாள். சுப்பம்மா வண்டியைச் சுற்றி ஒரு தடவை வந்தாள். உட்காரலாமா என்று யோசித்தாள். “சரி வா, ஆனது ஆவட்டும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஒரு பக்கமாகக் காலைப் போட்டு உட்கார்ந்தாள். ஒரு கையால் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். ஆரன் கேட்டால் மகளின் தோளைத் தட்டிச் சொல்லிவிடலாம் என்று இன்னொரு கையைத் தயாராக மடியில் வைத்துக்கொண்டாள்.

மந்தைவெளிப் பக்கம் திரும்புகிற இடத்தில் பின்னாலிருந்து ஒரு மாநகரப் பேருந்து நீளமாக ஆரன் அடித்தது. சுப்பம்மாவின் கை மகளின் தோளை நோக்கி மேலே போனது. அதற்குள் தீபிகா வலப்பக்கக் கண்ணாடியை ஒரு பார்வை பார்த்துவிட்டு, வண்டியை இடது பக்கம் ஒதுக்கி வழி விட்டிருந்தாள். பேருந்து அவர்களைக் கடந்து போயிற்று. தூக்கிய கை அங்கேயே நின்றது. பிறகு அது மகளின் தோளில் விழுந்திருந்த ஒரு கொன்றைப் பூவிதழை இரண்டு விரலால் மெல்ல எடுத்துக் காற்றில் விட்டது.